இறக்கி வைத்ததற்கு நன்றி

மார்ச் 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நானாகவே எழுதிக்கொள்கிறேன், நீ சொல்லப்போவதில்லை. போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கிழித்துப் போடவாவது ஒரு தடவை கையில் எடுத்தாக வேண்டும் அல்லவா?

விஷயத்துக்கு வருகிறேன். நம் மல்யுத்தச் சங்கத்துக்கு அறுபது வயதாகிறதாம். மூன்று காலத்துச் சாம்பியன்களை ஒப்பிட்டு ஒரு புத்தகம் போடுகிறார்கள். கூடாரத்தில் ஆடிய காலத்துக்குப் பாறை அண்ணன், அரங்கக் காலத்துக்குச் 'சூறாவளி' என்ற பெயரில் ஆடிய நான், டிவி காலத்துக்கு அந்த ஜிகினாக்காரன். மூவரில் யாரால் இந்தத் தொழில் அதிகம் வளர்ந்தது என்று மார்க் போட்டு, முதலில் வருகிறவர் பெயரைப் புது அரங்கத்துக்கு வைக்கப்போகிறார்கள். செயலாளர் அச்சுக்கு முந்தைய பிரதி ஒன்றை அனுப்பியிருக்கிறார். உனக்கும் வந்திருக்கும்.

மார்க் போட்ட லட்சணத்தைப் பார்த்தாயா? 'உழைப்பு' என்ற கட்டத்தில் பாறை அண்ணனுக்கு முழு மார்க். அவர் ஆட்டம் ஒன்று இரண்டு மணி நேரம் நடக்குமாம். நடக்கும், யார் இல்லை என்றது? அதில் முக்கால்வாசி நேரம் இரண்டு பேரும் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு தூங்கியதுதான். செத்துப்போனவரைக் குறை சொல்லக் கூடாது, விடு. ஜிகினாக்காரன் மொத்தமே முந்நூறு ஆட்டம் ஆடியவன். ஆனால் கோடிப் பேர் பார்த்தார்களாம், 'புகழ்' கட்டத்தில் அவனுக்கு முழு மார்க். வீட்டில் காலை நீட்டிக்கொண்டு பார்க்கிறவனும், மழையில் வரிசையில் நின்று உள்ளே வந்தவனும் ஒன்றா? வெற்றியை எண்ணிப் பிரயோஜனமில்லை. யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதெல்லாம் உடுப்பு மாற்றும் அறையிலேயே பேசி முடித்ததுதான் என்று ஊருக்கே தெரியும். ஆட்டத்தைத்தான் எண்ண வேண்டும்.

அங்கேதான் எனக்கு உதைக்கிறது. அலுவலகம் மாறியபோது பழைய பதிவேடுகளைத் தொலைத்துவிட்டார்கள். எனக்கு எண்ணூற்றுச் சொச்சம் என்று குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறார்கள். ஆயிரத்துக்குக் குறையவே குறையாது. அதற்கு அத்தாட்சி உன் தையல் நோட்டுகள்தான். யார் உடுப்பு, எந்த ஆட்டம், எங்கே கிழிசல் என்று நாற்பத்தொரு வருஷமாக எழுதிவைத்திருப்பவள் நீ ஒருத்திதான். அவற்றை அனுப்பிவை. மே கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது.

இங்கே ஒன்பதாவது மாடி. மாதத்தில் பாதி நாள் லிஃப்ட் ஓடாது. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் நானும் ஜன்னலும்தான். நீ எனக்குக் கடைசியாக எழுதியது உன் அண்ணி போனபோது. நான்கு வரி. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்

மார்ச் 19

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

நோட்டுகளை அனுப்ப முடியாது. அவை இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. இப்போது ஆடுகிற பதினான்கு பேருக்கு நான்தான் தைக்கிறேன். சலவைக்கடைக்கு மேலே அதே இரண்டு அறை, அதே மெஷின். கண்தான் பழைய கண் இல்லை, ஊசியில் நூல் கோர்க்க ஒன்பது தடவை ஆகிறது. இருந்தாலும் உட்கார்ந்து எண்ணினேன். நீங்கள் ஆடியது ஆயிரத்து அறுபத்தெட்டு ஆட்டம். செயலாளருக்கும் எழுதிவிட்டேன். உங்கள் வேலை முடிந்தது.

எண்ணும்போது எனக்கும் ஒரு கட்டம் போடத் தோன்றியது. மூன்று காலத்துக்கும் தைத்தவள் நான், எனக்கும் மார்க் போட உரிமை உண்டு. என் கட்டத்தில் ஒரே கேள்விதான். இவரோடு மோதியவன் மறு வாரம் உடுப்பைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தானா?

பாறை அண்ணனுக்கு அவருடைய கடைசி ஐந்து வருஷம் தைத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டம். அவரிடம் அடி வாங்கியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் மறு வாரம் வந்து நின்றார்கள். அவர் தூங்கினார் என்கிறீர்கள். அவர் தூங்கியதால்தான் மற்றவர்கள் நடந்து வீட்டுக்குப் போனார்கள். ஜிகினாக்காரரோடு மோதியவர்களில் மூன்று பேர் வரவில்லை. ஒருவருக்கு முட்டி, இரண்டு பேருக்குத் தோள். மூன்று பேர் வீட்டுக்கும் அவர் போனார். ஒரு தடவை போகிற வழியில் என்னிடம் பொத்தான் தைத்துக்கொண்டு போனார், அதனால் தெரியும்.

உங்கள் ஆயிரத்து அறுபத்தெட்டில் ஒரே ஒருவர்தான் வரவில்லை. ஒன்றுதானே என்று தோன்றும். அந்த ஒருவர் இதோ பக்கத்து அறையில் இடுப்புக்கு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறார். கார் நிறுத்துமிடத்து வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே உட்கார்ந்து பொத்தானை அமுக்குவார், தடுப்புக் கம்பி மேலே போகும், கீழே வரும். எட்டு மணி நேரம் அதுதான்.

அந்தப் பிரதியில் நாற்பத்தொன்றாம் பக்கம் படித்தீர்களா? "முகமூடி என்ற பெயரில் ஆடிய வீரர் அந்தரத்தில் உடலைத் தவறாகத் திருப்பியதால் விபத்து நேர்ந்தது." அடுத்த வரி: "மைத்துனர் மீது கொண்ட பாசத்தால் அன்றோடு எதிராளியைத் தலைக்கு மேல் சுழற்றும் தம் புகழ்பெற்ற தூக்கைச் சூறாவளி கைவிட்டார்." அதற்கு உங்களுக்குத் 'தியாகம்' என்ற கட்டத்தில் முழு மார்க். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "சரியாத்தான் போட்டிருக்காங்க" என்று மூடிவைத்தார்.

அவரை விட நன்றாக விழத் தெரிந்தவர் அந்த ரிங்கில் யாரும் இல்லை, உங்களுக்கே தெரியும். முதுகு போனபின் பயிற்சிக்கூடத்தில் விழச் சொல்லிக்கொடுக்கிற வேலை கேட்டுப் போனார். விழத் தெரியாமல் விழுந்தவன் என்ன சொல்லிக்கொடுப்பான் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் எது விழுந்தாலும் "என் தப்பு" என்கிறார். என் கையிலிருந்து கத்தரிக்கோல் விழுந்தாலும் அவர்தான் "என் தப்பு" என்கிறார்.

அந்த வரியை எடுக்கச் சொல்லி நீங்கள் செயலாளருக்கு எழுத வேண்டும். வேறு எதுவும் உங்களிடம் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தங்கை

மார்ச் 30

பாப்பா,

கடிதம் முழுக்க 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். சைக்கிள் கம்பியில் உட்காரவைத்து உன்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவன் நான். போகட்டும்.

எண்ணிச் சொன்னதற்கு நன்றி. ஆனால் உன் கட்டத்தில் நியாயம் இல்லை. பாறை அண்ணன் யாரையும் இடுப்புக்கு மேல் தூக்கியதே இல்லை. சமைக்காதவள் வீட்டில் பாத்திரம் எங்கே கருகும்? என் ஆட்டத்துக்கு ஜனம் வந்ததே அந்தத் தூக்குக்காகத்தான். தலைக்கு மேல் தூக்கி, ஒரு சுற்று சுற்றி, முதுகு தட்டையாகப் படும்படி இறக்குவேன். அரங்கமே எழுந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜிகினாக்காரனே இந்தத் தொழிலுக்கு வந்தான். அவனே டிவியில் சொல்லியிருக்கிறான்.

அந்த வரியை நான் எழுதவில்லை. நடுவர் கொடுத்த அறிக்கையில் இருப்பது அது. இப்போது போய் எடு என்றால், பின்னே யார் தப்பு என்று கேட்பார்கள். முடிந்துபோனதை ஏன் கிளறுகிறாய்? நானும் அன்றோடு பாதி செத்தவன்தான்.

நான் உங்கள் வீட்டுப் படி ஏறாததைத் திமிர் என்று நினைத்திருப்பாய். சொல்கிறேன் கேள். நம் வழக்கம் உனக்குத் தெரியும். ஆட்டம் முடிந்து உள்ளே வந்ததும், விழுந்தவன் வந்து போட்டவன் கையைப் பிடித்து, "இறக்கி வெச்சதுக்கு நன்றி" என்று சொல்ல வேண்டும். ரிங்கில் எத்தனை வசவு வைதிருந்தாலும் சொல்ல வேண்டும். அன்று மாப்பிள்ளையை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். முகமூடியைப் பாதி வெட்டியிருந்தார்கள். நான் பக்கத்தில் ஓடினேன். அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். "இறக்கி வெச்சதுக்கு நன்றி, மச்சான்" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு அவர் முகத்தில் எப்படி முழிப்பேன்? இருபத்திரண்டு வருஷமாக அது காதிலேயே இருக்கிறது.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தாளை அமுக்கிப் பிடிக்க இடது கை ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது, பழையபடி மரத்துப்போகிறது. அப்போதெல்லாம் ஆட்டத்துக்கு முன் கொஞ்ச நேரம் வெந்நீரில் வைத்தால் வழிக்கு வரும். இப்போது அதற்கும் மசியவில்லை.

உன் அண்ணன்

ஏப்ரல் 9

அண்ணனுக்கு,

உங்கள் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு மெஷினை நிறுத்திவிட்டேன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

பழையபடி என்றால் எவ்வளவு பழையது? ஆட்டத்துக்கு முன் வெந்நீர் என்றால் எந்த ஆட்டத்துக்கு முன்?

நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் தூக்குக்காக அவருடைய இடுப்புப் பட்டைக்குள், முதுகுப் பக்கம், கைப்பிடி மாதிரி ஓர் உள்பட்டி வைத்துத் தைத்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. உங்கள் வலது கை அவர் தோளைத் தாங்கும், இடது கை அந்தப் பட்டியைப் பிடிக்கும். தூக்கியதும் ஆளின் எடை முழுக்க அதில்தான் இறங்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் நூல் இளகிவிடும், மறு வாரத்துக்குள் நான் திரும்பத் தைக்க வேண்டும். "வீட்டுக்காரர், உள்பட்டி, மறுதையல்." நோட்டில் இதைத் தொண்ணூற்று மூன்று தடவை எழுதியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அவர் உடுப்பை வெட்டியெடுத்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, பழக்கதோஷம், முதலில் பட்டியைத்தான் பார்த்தேன். நான் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. ஒரு இழைகூட இளகவில்லை. அந்தத் தேதிக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமனே விட்டேன். இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பிடிக்காமல் ஏன் தூக்கினீர்கள் என்று இருபத்திரண்டு வருஷம் யோசித்திருக்கிறேன். வேண்டுமென்றே செய்திருப்பீர்களோ என்றுகூட நினைத்தேன். அந்த வருஷம்தான் அவருக்கும் கைதட்டல் கூடிக்கொண்டு வந்தது. என்னைத் தூக்கி வளர்த்த அண்ணனைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று அதற்கும் அழுதேன். உங்கள் கடிதம் வரும்வரை கை மரத்துப்போன கதை எனக்குத் தெரியாது. அதைப் படித்ததும் அப்பாடா என்றுதான் முதலில் இருந்தது. கோபம் அப்புறம்தான் வந்தது.

அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அண்ணனா புருஷனா என்று ஆகிவிடும். நீங்களே ஒரு நாள் வந்து சொல்வீர்கள் என்று இருந்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன். ஐந்து வருஷம் பார்த்தேன். அப்புறம் அலுத்துப்போயிற்று. அவர் "என் தப்பு" என்று சொல்லும்போதெல்லாம் பக்கத்திலேயேதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. உங்களைக் கேட்கிற யோக்கியதை எனக்கும் குறைச்சல்தான்.

நோட்டின் அந்தப் பக்கத்தை நானே செயலாளருக்கு அனுப்பலாம். எழுதாத வரியை யார் நம்புவார்கள்? இது உங்கள் வாயால் வர வேண்டும். மே கடைசிவரை பார்ப்பேன். அதற்குப் பிறகு இந்த முகவரிக்கு எழுத வேண்டாம்.

தங்கை

மே 2

பாப்பா,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் கிழித்தால் வீட்டில் தாள் இல்லை, கீழே போய் வாங்க வேண்டும், லிஃப்ட் ஓடவில்லை. அதனால் இது வந்துவிடும்.

அந்த விபத்துக்கு ஏழு மாதம் முன்பே இடது கை மரக்க ஆரம்பித்துவிட்டது. முதலில் சுண்டுவிரல், பிறகு பாதி உள்ளங்கை. உன் அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. சங்க டாக்டருக்குத் தெரிந்தால் அன்றே உட்காரவைத்துவிடுவார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். உடுப்பு மாற்றும் அறையில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு வாளி வெந்நீரில் கையை வைத்திருப்பேன். அன்றும் வைத்தேன். சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

பட்டிக்குள் கை போனதைக் கண்ணால் பார்த்தேன். விரல் மூடிவிட்டது என்று நினைத்தேன். மூடவில்லை. உள்ளங்கையில் தாங்கித்தான் அவர் மேலே போனார். சுற்றும்போது நழுவினார். அவர் உடலைத் திருப்பியது உண்மை. ஏன் திருப்பினார் என்பது அறிக்கையில் இல்லை. அப்படியே நழுவியிருந்தால் அவருடைய எடை முழுக்க என் கழுத்தின் மேல் வந்திருக்கும். அது தெரிந்துதான் அந்த அரை நொடியில் வெளிப்பக்கம் திரும்பினார். நான் இன்று எழுதிக்கொண்டிருப்பது அவர் திரும்பியதால்தான்.

ஆம்புலன்ஸ் போனபின் நடுவர் என்னிடம் வந்தார். "திரும்பிட்டாரா?" என்று கேட்டார். நான் "ஆமா" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பொய்கூடச் சொல்லவில்லை பார். அந்த ஒரு 'ஆமா'தான் அறிக்கை ஆயிற்று.

தூக்கைக் கைவிட்டது பாசத்தால் அல்ல. பாசம் இருந்தது, ஆனால் விட்டது கையால் முடியாததால். ஜனம் அதைத் தியாகம் என்று கைதட்டியது, நானும் நின்று வாங்கிக்கொண்டேன்.

இதையெல்லாம் செயலாளருக்கு எழுதிவிட்டேன். நகல் உள்ளே இருக்கிறது. மறுநாளே போன் செய்தார். "அண்ணே, நல்லா யோசிச்சுக்கோங்க. இதைப் போட்டா அரங்கத்துக்கு உங்க பேர் வராது" என்றார். பாறை அண்ணன் பெயரை வையுங்கள், என் தங்கச்சி கட்டத்தில் அவருக்குத்தான் முதல் மார்க் என்று சொன்னேன். போனை வைத்துவிட்டு அழுதேன். பெயர் போகிறதே என்றுதான் அழுதேன், மாப்பிள்ளைக்காக இல்லை. உண்மை எழுத உட்கார்ந்தபின் இதை மட்டும் மறைப்பானேன்.

மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு. என்ன சொல்கிறாரோ அதை எழுது. வைதால் வைதபடியே எழுது.

அண்ணன்

மே 16

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. செயலாளரும் எழுதியிருக்கிறார். நாற்பத்தொன்றாம் பக்கத்தை மாற்றிவிட்டார்களாம். உன் கடிதத்தை அப்படியே போடுகிறார்களாம்.

அவர் வேலைக்குப் போகாத நாளாகப் பார்த்து, காலையில் உட்காரவைத்துப் படித்தேன். வெந்நீர் வாளி வந்தபோது தலையை ஆட்டினார். திரும்பிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். அந்தப் பத்தியை மூன்று தடவை படிக்கச் சொன்னார். அவருக்கு அதெல்லாம் ஞாபகமில்லை அண்ணா. மேலே போனது தெரியும், விளக்குகள் தெரிந்தன, அப்புறம் ஸ்ட்ரெச்சர்தான். இத்தனை வருஷம் அறிக்கையில் இருந்ததைத்தான் தன் ஞாபகம் என்று வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு நோட்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தேதிக்கு நேரே வெறுமையாக இருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. போட்டதைச் சாப்பிட்டார், பெல்ட்டைத் தானே கட்டிக்கொண்டு போனார். நான் சமாதானம் சொல்லவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

மூன்றாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார். வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "மச்சானுக்கு எழுது. அன்னைக்கு நான் சொன்ன நன்றியைத் திருப்பி வாங்கிக்கறேன்னு எழுது." கொஞ்ச தூரம் படி இறங்கிவிட்டு, நின்று, திரும்பி ஏறி வந்தார். அவருடைய முதுகுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. "வர்றதுன்னா வரச் சொல்லு. பதினெட்டுப் படி இருக்கு, கைப்பிடியை வலது கையால பிடிச்சு ஏறச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பயிற்சிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். விழுவது பற்றி வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம். அறுபத்தாறு வயதில் யாருக்கு விழுந்து காட்டுவது என்று அலுத்துக்கொண்டார். போக மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். வேண்டிய காலத்தில் கிடைக்கவில்லை, இனிமேல் வந்து என்ன? ஆனால் வந்தவரை உட்காரச் சொல்லி, தாடையை நெஞ்சோடு ஒட்டிவைத்துக்கொண்டு விழ வேண்டும் என்று அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ வா. சீக்கிரம் வா. உனக்கு எழுபத்தொன்று ஆகிறது, இனி யார் யாருக்காகக் காத்திருக்கிறோம்?

இன்று காலை அவருக்குத் தண்ணீர் கொண்டுபோகும்போது டம்ளர் என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. தரையெல்லாம் தண்ணீர், வெட்டிவைத்த துணி வேறு நனைந்துபோயிற்று. வழக்கமான வார்த்தை வரும் என்று நின்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உன் தப்பு" என்றார்.

"ஆமா" என்றேன்.

பாப்பா